தோள் எலும்பு சொன்னால் சரி

என் கணவர் மனூசோஸுக்கு ஆட்டு எலும்பில் எதிர்காலம் தெரியும். கண்ணெதிரே பால் பொங்குவது தெரியாது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் கிரீட் தீவு மலையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஈஸ்டர் ஞாயிறு மதியம், வீட்டிலேயே பிறந்து வளர்ந்த குட்டியைச் சமைத்துச் சாப்பிட்டு முடித்ததும், அதன் வலது தோள்பட்டை எலும்பை எடுப்பார்கள். பல் படக்கூடாது, கத்தி படக்கூடாது. துணியால் துடைத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உள்ளே நிழலும் கோடும் புள்ளியும் தெரியும். அந்த வீட்டுக்கு அடுத்த ஈஸ்டர் வரை நடக்கப்போவது எல்லாம் அதில் இருக்கிறதாம். எங்கள் ஊர்க்காரர்கள் வானொலிச் செய்தியைச் சந்தேகப்படுவார்கள். பாதிரியாரின் பிரசங்கத்தைக்கூடச் சந்தேகப்படுவார்கள். எலும்பை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள்.

என் மாமியார் கல்லிரோயி இன்னும் ஒரு படி மேலே. எலும்பு வேண்டாம் என்றது என்பதற்காக வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்க விடாமல் தள்ளிப்போட்டவர். பால் திரிந்தபோதெல்லாம் எலும்பை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாலைத்தான் திட்டினார்.

நான் பிறந்தது டீனோஸ் தீவில். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தேன். எலும்பு, சோழி, காப்பிக் கசடு எதிலும் எதிர்காலம் பார்ப்பது பாவம் என்று மதர் கிளமெந்தினா மர அளவுகோலால் விரல் கணுவில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். பட்டாளத்துச் சட்டையில் வந்த இந்த மனுஷரைப் பார்த்துச் சிரிக்காதே என்று அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை.

கல்யாணமாகி வந்த பிறகு பிறந்த தீவுக்கு நான் போனது அம்மாவின் அடக்கத்துக்கு மட்டும்தான். அக்கா பிராங்கிஸ்கா ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவாள். ஒவ்வொரு வருஷமும் ஆடு குறுக்கே நிற்கும். குளிரில் குட்டி போடும் காலம். அப்புறம் பால் கறக்கும் காலம். அப்புறம் பாலாடைக்கட்டி. அப்புறம் ரோமம் வெட்டு. ஆட்டுக்கு விடுமுறை இல்லை, ஆகவே எனக்கும் இல்லை. இந்தத் தவக்காலத்தில் நான் முடிவு செய்தேன். ஈஸ்டர் முடிந்த கையோடு இரண்டு வாரம் அக்கா வீட்டில். கப்பல் சீட்டை வாங்கி மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, அவரிடம் சொன்னேன்.

"சரி, போயிட்டு வா" என்றார்.

மறுப்பில்லை, முனகலில்லை. உடனே 'சரி'. அனுபவமுள்ள பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்தே அவர்மேல் ஒரு கண் வைத்தேன்.

புனித வாரத்தில் ஒரு நாள், மேலே பட்டிக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். தவக்காலச் சாப்பாடு, வேறென்ன, பீன்ஸ்தான். பட்டியின் கல் சுவருக்கு இந்தப் பக்கம் வரும்போதே அவர் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. இவர் ஒரு பாறைமேல் ஏறி நிற்கிறார். கையில் போன வருஷத்து எலும்பு. எதிரே மொத்த மந்தையும் அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது.

"இதோ பாருங்க, ஓரத்துல கறுப்பு. இந்த வீட்டு அம்மா இந்த வசந்தத்துல தண்ணியைத் தாண்டக் கூடாது."

ஒரு ஆடு கத்தியது. அவருக்கே திருப்தியில்லை போல. தொண்டையைச் செருமிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, சாவு வீட்டுக் குரலில் அதையே இன்னொரு தரம் சொன்னார். இந்தத் தடவை நன்றாக வந்தது. எனக்கே கண் கலங்கும் போலிருந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு வரி கூடவே சேர்த்தார்.

"அப்புறம், வீட்டுத் தலைவர் இந்தக் கோடை முழுக்க உடம்பை அலட்டிக்கக் கூடாது. நல்லா சாப்பிடணும்."

மணி கட்டிய கிடா தலையை ஆட்டியது. முதல் சீடன்.

நான் இருமினேன். எலும்பு சட்டைக்குள் போனது.

"யார்கூட பேசிட்டிருந்தீங்க?"

"ஆட்டுகூட."

"என்ன சொல்லுது?"

"ஒண்ணுமில்ல. குளம்பு வலிக்குதாம்."

பீன்ஸைக் கொடுத்துவிட்டு மலையிறங்கினேன். வழியெல்லாம் எரிச்சல். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கலாம்தான். நான் அப்படி நினைக்கவே இல்லையே என்பார். ஞாயிற்றுக்கிழமை மாமியார் முன்னால் எலும்பு பேசிவிட்டால் அதோடு தீர்ந்தது. அதை மீறி நான் கப்பலேறினால், இங்கே ஒரு கோழி செத்தாலும் கொன்றவள் நான்தான். ஆகவே எலும்பு பேசத்தான் வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பேசக்கூடாது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. எலும்பு அதன் சொந்த வீட்டைப் பற்றித்தான் சொல்லும். விலைக்கு வாங்கிய ஆடாக இருந்தால் விற்றவன் வீட்டுச் சேதி. பக்கத்து வீட்டு ஆடாக இருந்தால் பக்கத்து வீட்டுச் சேதி. இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

எங்கள் வீட்டு ஈஸ்டர் குட்டி எது என்பது குளிர்காலத்திலேயே முடிவாகியிருந்தது. சுவரிலிருந்து குதித்து வலது முன்னங்காலை ஒடித்துக்கொண்ட நொண்டிக்குட்டி. என் கணவர்தான் நாணல் குச்சி வைத்துக் கட்டினார். கால் கூடியது. கூடிய இடத்தில் பாதாம் கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. அந்த முடிச்சை அவர் காட்டாத ஆள் இல்லை. காப்பிக் கடைக்கே குட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பட்டணத்து டாக்டர்கூட இப்படிக் கட்டமாட்டான் என்று எல்லோரையும் தடவிப் பார்க்க வைத்தவர்.

சனிக்கிழமை காலையில் இரண்டு வீட்டுக் குட்டிகளையும் அறுத்துக் கொடுத்துவிட்டு ஆண்கள் ராக்கிச் சாராயம் குடிக்கப் போய்விட்டார்கள். குடலைக் கழுவ நாங்கள். நானும் பக்கத்து வீட்டு லெமோனியாவும் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்தோம். முற்றமும் பொது, அதிலிருக்கும் விறகு அடுப்பும் பொது. குடலைக் குச்சியில் மாட்டிப் புரட்டி, காடியில் அலசி, மறுபடி புரட்டி, மறுபடி அலசி, வெள்ளை வெளேரென்று வரும்போது இடுப்பு போயிருக்கும். அந்த இடுப்பு வலியோடு பாறைப் பிரசங்கத்தை அவளிடம் சொன்னேன்.

லெமோனியா சிரிக்கவில்லை. குடலை முறுக்கிப் பின்னிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி ரோசினா, குட்டி சுடுற உன் தட்டும் என் தட்டும் ஒரே வண்டிக்காரன்கிட்டதானே வாங்கினோம்?"

"ஆமா."

"ஒரே மாதிரிதானே இருக்கு?"

"ஆமா."

"பண்டிகை அவசரத்துல மாறிப்போறது சகஜம்தானே?"

பொய் சொல்வது பாவம் என்று மதர் கிளமெந்தினா சொல்லியிருக்கிறார். தட்டை மாற்றி எடுப்பது பற்றி அவர் எதுவும் சொன்னதாக ஞாபகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சிவப்பு முட்டை, பாலாடைக்கட்டி பூரணம் வைத்த அப்பம், பின்னிய குடல், நடுவில் உருளைக்கிழங்கோடு சுட்ட குட்டி. கிறிஸ்து உயிர்த்தார் என்று சொல்லி முட்டையோடு முட்டை மோதினோம். வழக்கம்போல மாமியார் முட்டைதான் உடையாமல் நின்றது. அது மரத்தில் செய்தது என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

என் கணவர் வலது தோள் துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். அதோடு முன்னங்காலும் வந்தது. நான் அப்பத்தை மெல்லாமல் அவர் கையையே பார்த்தேன். காலைக் கையில் எடுத்தார். திருப்பினார். கடித்தார். சப்பினார். மஜ்ஜையை உறிஞ்சிவிட்டுத் தட்டோரம் வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உதடு மட்டும் மெல்ல அசைந்தது. வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

பிறகு தோள் எலும்பைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். வெயிலுக்குத் தூக்கினார். நீளமாக ஒரு பெருமூச்சு.

"என்னடா தெரியுது?" என்றார் மாமியார்.

"சொல்ல மனசு வரலைம்மா."

"சொல்லு."

நெஞ்சில் கை போனது. சாவு வீட்டுக் குரல் முற்றம் முழுக்கக் கேட்கும்படி வந்தது. ஓரத்தில் கறுப்பு, தண்ணீர், வசந்தம், வீட்டு அம்மா எல்லாம் வரிசையாக வந்தன. வீட்டுத் தலைவரின் உடம்பும் சாப்பாடும்கூட மறக்காமல் வந்தன. கறுப்பு என்றால் என்ன என்று மாமியார் கேட்டார். மகன் பொறுமையாக விளக்கினார்.

"ஓரம் கறுப்பா இருந்தா பயணம் ஆகாது. ஓரம் வெளுப்பா இருந்தா வழி திறந்திருக்குன்னு அர்த்தம். நான் சொல்லலைம்மா. எலும்பு சொல்லுது."

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எலும்பு சொன்னா சரி" என்றேன்.

என் கணவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. பாவம், கொஞ்ச நேரம் அனுபவிக்கட்டும் என்று விட்டேன். மெதுவாகத் தட்டுகளை அடுக்கினேன். அவர் சப்பிப் போட்ட முன்னங்காலை எடுத்தேன். விரலால் மேலிருந்து கீழே தடவினேன். கீழிருந்து மேலே தடவினேன்.

"ஏங்க, நம்ம குட்டியோட முடிச்சு எங்க?"

மாமியார் கையை நீட்டி எலும்பை வாங்கி, கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். "இது ஒடிஞ்ச காலு இல்ல. மெழுகுவத்தி மாதிரி இருக்கு" என்றார்.

எலும்புக்குள்ளே கடலையும் கறுப்பையும் கண்ட மனுஷருக்கு, தானே கட்டிக் கூட்டிய கால் தன் வாய்க்குள் போகவில்லை என்பது தெரியவில்லை.

அதற்குள் முற்றத்திலிருந்து லெமோனியா வந்துவிட்டாள். தட்டு மாறிப்போச்சு போலிருக்கே என்று ஆயிரம் மன்னிப்பு கேட்டாள். ஒரு கையில் முடிச்சோடு ஒரு முன்னங்கால். இன்னொரு கையில் துணியில் சுற்றிய, பல் படாத தோள் எலும்பு. பின்னாலேயே அவள் கணவர் பொலிடோரோஸ், கழுத்தில் கட்டிய துண்டோடு.

"அப்போ நீ படிச்சது இவங்க வீட்டுச் சேதி" என்று மாமியார் மகனிடம் தீர்ப்பு சொன்னார்.

பொலிடோரோஸுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரமானது. விளங்கியதும் முகம் மலர்ந்தது. "மனூசோஸ், அந்த உடம்பை அலட்டிக்கக் கூடாதுங்கிற வரியை இன்னொரு தரம் சொல்லேன். இவ காதுல விழட்டும்."

லெமோனியா திரும்பிப் பார்த்தாள். மலர்ந்த முகம் வாடியது. "நான் குழாயடியைத் தாண்டினதில்ல. எந்தத் தண்ணியைத் தாண்டப் போறேன்? என் பங்கு எலும்பு வாக்கு பலிச்சாச்சு" என்று சொல்லி, துணிச் சுருளை மேஜைமேல் வைத்தாள்.

என் கணவர் பாய்ந்தார். மாமியாரின் கை முந்திக்கொண்டது.

"நீ ஒண்ணு பாத்துட்ட. கண்ணு களைச்சிருக்கும்."

"அம்மா, உனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

"இப்பதானே சொல்லிக்கொடுத்த. கறுப்புன்னா ஆகாது, வெளுப்புன்னா ஆகும்."

எழுந்து வாசலுக்குப் போய் எலும்பை வெயிலில் தூக்கினார். நான் எட்டிப் பார்த்தேன். சலவைக்குப் போட்டு வந்த மாதிரி ஓரமெல்லாம் வெளுப்பு. மாமியார் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வழி திறந்திருக்கு" என்றார்.

லெமோனியா என் காலை மிதித்தாள். நான் அவள் காலை மிதித்தேன். டீனோஸ் துறைமுகத்தில் அக்கா கையசைப்பது எனக்கு அப்போதே தெரிந்தது, எலும்பே இல்லாமல்.

மாமியார் கையை இறக்கவில்லை.

"கப்பல்ல ரெண்டு பேரு தெரியறாங்க" என்றார். "ரெண்டும் பொம்பளைங்க. ஒருத்தி வயசானவ. கறுப்பு முக்காடு."

எனக்குத் தெரிந்தது வெறும் வெளுப்புதான். ஆனால் எலும்பு சொன்னால் சரி என்று எல்லோர் முன்னாலும் சொன்னது இந்த வாய்தானே. டீனோஸ் மாதா கோயிலுக்கு எத்தனையோ காலமாக நேர்ந்துகொண்டு போகாமலே இருப்பதாக மாமியார் சொன்னார். கப்பலில் தனக்கு ஜன்னலோரம் வேண்டும் என்றார். அக்கா வீட்டில் மெத்தை கெட்டியா மெத்தென்றா என்று கேட்டார். இரண்டு வாரம், இரவும் பகலும், இவரோடு. மதர் கிளமெந்தினாவின் அளவுகோல் அத்தனை வருஷம் தாண்டி வந்து என் விரல் கணுவில் பட்டது.

என் கணவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு காதுவரை போய், அங்கே எதையோ கேட்டது போல அப்படியே நின்றது. பிறகு மெல்லச் சுருங்கியது.

"அப்போ எனக்கு யாரும்மா சமைச்சுப் போடுவா?"

மாமியார் எலும்பை முன்னும் பின்னும் திருப்பி, வெயிலில் நன்றாக ஒரு தரம் பார்த்தார்.

"அது இதுல இல்லடா."