கூறைப் பெட்டிக்கு மேல் இருந்த மனிசி

பொறுப்பான பிள்ளை என்று பெயர் எடுத்தவர்களிடம் எதையும் நம்பிக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்தப் பொறுப்பான பிள்ளை நான்தான்.

2011இல் அண்ணாவுக்குக் கல்யாணம். நான் பாரிஸுக்கு வந்து ஆறே மாதம். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. சுன்னாகத்தில் இருந்தபடி தொலைபேசியிலேயே கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைத் தோழி நான். (தோழி என்றால் சும்மா நின்று சிரிப்பவள் என்று நினைத்திருந்தேன்.) பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சட்டை தைக்கக் கொடுத்திருந்த கூறைச்சேலையைக் காலையில் எடுத்துக்கொண்டு, புறநகரான லா கூர்னெவில் இருந்த மண்டபத்துக்குப் போகவேண்டும். மணமகள் கூறை மாற்றி வந்தால்தான் தாலி ஏறும். பதினொரு மணிக்கு முகூர்த்தம்.

"நான் ரெயினிலை கொண்டு வாறன், நீங்கள் எல்லாரும் காரிலை போங்கோ" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொன்னதும் நான்தான்.

கூறை, சட்டை, மஞ்சள் பூசிய முடித்தேங்காய் எல்லாவற்றையும் சிவப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த 'கார் து நோர்' ரயில் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் வரிசை அனுமார் வால். அப்போதுதான் தலைக்குப் பூ வாங்காதது நினைவுக்கு வந்தது. ஊரில், கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் என்ன செய்வோம்? பையை வைத்துவிட்டுப் போவோம். பை நின்றால் ஆள் நின்ற மாதிரி. பெட்டியை வரிசையில் நிறுத்தி, பின்னால் நின்ற ஆப்பிரிக்கப் பெண்மணிக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, மறுபடி லா சப்பலுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் வரிசையைக் காணவில்லை. சனம் எல்லாம் தூரத்தில். நடுவில் நாலு போலீஸ்காரர்கள், என் பெட்டி, பெட்டிக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்மணி.

"என்ன அண்ணை நடக்குது?" என்று பக்கத்தில் நின்ற தமிழரைக் கேட்டேன்.

"ஆரோ விசரன் பெட்டியை விட்டிட்டுப் போட்டான் தங்கச்சி. குண்டெண்டு வெடிக்க வைக்கப் போறாங்கள். உந்த மனிசி எழும்ப மாட்டன் எண்டு இருக்கு."

கூறை போனால் தாலி இல்லை. அண்ணாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

"ஐயோ, அது என்ரை!" என்று பூச்சரத்தோடு பாய்ந்தேன்.

அந்தப் பெண்மணி எழுந்து, என்னைக் காட்டி, "மா ஃபீ!" என்றார். என் மகள்! அவர் மாலி நாட்டுக்காரர். நான் சுன்னாகம். போலீஸ்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொற்களில் இரண்டை எடுத்து விட்டேன்: "வீ, மமோன்." ஆமாம், அம்மா.

பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். குடுமியோடு தேங்காய் தெரிந்ததும் ஒரு போலீஸ்காரர் ஓரடி பின்வாங்கினார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் மை வழிய அழுதேன். அந்தப் பெண்மணி, மரியம் என்று பெயர், தன் சால்வையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். தங்கையைப் பார்க்கப் புறப்பட்டவர், இவளைத் தனியே விடக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, என்னோடேயே ரயில் ஏறினார்.

மண்டபத்துக்குள் நுழையும்போது பத்தரை மணி.

"எங்கையடி போனனீ? உவ ஆர்?" என்றான் அண்ணா.

"பிறகு சொல்லுறன். முதல்லை கூறையைப் பிடி."

கூறைத் தட்டைச் சபையோர் தொட்டு ஆசீர்வதித்தபோது மரியமும் தொட்டு, கண்ணை மூடி ஏதோ ஓதினார். அம்மாவுக்கென்று முன்வரிசையில் போட்டிருந்த கதிரையில் அவரை இருத்தினேன். நேரத்துக்குத் தாலி ஏறியது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் மணமகளுக்குக்கூட இருந்திருக்காது.

அந்தக் கதிரையைப் பார்த்த வீடியோக்காரர் என்ன நினைத்தாரோ, மரியத்தின் முகத்துக்குக் கீழே 'மணமகனின் தாயார்' என்று எழுதிவிட்டார். நாங்கள் கவனிக்கவில்லை. சீடி சுன்னாகத்துக்குப் போய், ஊரே கூடிப் பார்த்தது. அண்ணா பதறிப்போய், நடந்ததை எல்லாம் சொல்லி, மாற்றி அனுப்புகிறோம் என்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"ஒண்டும் மாத்தத் தேவையில்லை" என்றார் அம்மா. "நான் அங்கை நிண்டிருந்தா, போலீசைக் கண்டதும் கூறையை விட்டிட்டு ஓடியிருப்பன். அவதான் தாய். அப்பிடியே இருக்கட்டும்."

இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.