சோடாத் தண்ணீரில் நின்ற மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் காலை நான் வாசலிலேயே கழுவ வைத்தேன். பாதபூஜை என்று நினைத்துவிடாதீர்கள். சலவை சோடா கரைத்த தண்ணீர். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் எரியும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சமயநல்லூரில் எங்கள் குடும்பம் கறவை மாடுகளை நம்பித்தான் ஓடியது. மதுரை ஆரப்பாளையத்து லாட்ஜுகளுக்குப் போகும் பால் நின்றால் எங்கள் அடுப்பும் நின்றுவிடும். அந்த வருஷம் பக்கத்து ஊர்களில் கோமாரி. வாயும் குளம்பும் புண்ணாகி, மாடு தீவனம் எடுக்காமல் எச்சில் ஒழுக நிற்கும்; மடி வற்றிப்போகும். கால்நடை டாக்டர் வந்து, "மாடு, ஆளு, வண்டி எது மூலமாவும் வரும். எது ரொம்ப ஆபத்துன்னு பாத்து அத மொதல்ல தடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான், எனக்குச் சாமி வந்துவிட்டது. நோய் எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். எது ரொம்ப ஆபத்து என்று ராத்திரி பகலாக யோசித்து, முதல் இடத்தை மனிதக் காலுக்குக் கொடுத்தேன். அடுத்தது சைக்கிள் டயர். அதற்கடுத்தது காக்கை. (கம்பை எடுத்துக்கொண்டு துரத்துவேன்.) "ஏத்தா மரகதம், காக்காயப் பிடிச்சு அதுக்கும் காலக் கழுவி விடேன்" என்பார் அப்பா. வெளி மாட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நாங்கள்தான் மாடு வாங்கப் போவதில்லையே! எம்புட்டு அறிவு பாருங்கள்.

திருவாதவூரிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் லாரியில் வந்து இறங்கினார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோடாத் தொட்டியோடு நான் வாசலை மறித்தேன்.

"என்னம்மா இது? பொண்ணு பாக்க வந்தமா, இல்ல மஞ்சத்தண்ணி ஊத்தி வெட்டக் கொண்டுபோறீகளா?" என்றார் பெரியவர்.

"கோமாரி மாமா. காலு நனையாம யாரையும் உள்ள விடமாட்டேன்."

அவர் முனகிக்கொண்டே காலை நனைத்து உள்ளே போனார். அடுத்து மாப்பிள்ளை செல்வராஜ், கரண்டு ஆபீஸ் கிளார்க்கு. பேண்ட்டை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார். "நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காதீங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தொழுவத்துப் பக்கம் ஒரு மாடு கத்தியது. எங்கள் மாடுகளின் குரல் எனக்குத் தெரியாதா? இது வேறு மாடு.

ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் மாடுகளை நோக்கி ஒரு செவலைப் பசு வருகிறது. "உனக்குத்தாம்மா!" என்றார் பின்னாலேயே வந்த பெரியவர், முகமெல்லாம் சிரிப்பாக. "மாட்ட நல்லா பாத்துக்கிற பொண்ணுன்னு சொன்னாக. காலையில சந்தையில பிடிச்சு, லாரியிலயே ஏத்திட்டு வந்துட்டேன்." வீட்டுக்கு வந்த மாட்டுக்குக் கழனித்தண்ணி காட்டாமல் விட்டால் மரியாதையா? அப்பா அதைக் கொல்லை வழியாகக் கூட்டிவந்து, எங்கள் மாடுகள் குடிக்கும் தொட்டிக்கே நடத்திக்கொண்டிருந்தார். மாட்டின் மூக்குக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

காலுக்குக் காவல் நின்ற நான், சந்தையையே கொல்லை வழியாக உள்ளே விட்டுவிட்டேன்! பாய்ந்துபோய்த் தொட்டியைக் கவிழ்த்தேன். அம்புட்டுக் கழனித்தண்ணியும் பெரியவரின் வெள்ளை வேட்டி மேல்.

"அடியே!" என்று அலறினாள் அம்மா.

"இந்த மாடு இப்பவே வெளிய போகணும்" என்றேன். "கல்யாணம் நின்னாலும் சரி." அப்பா கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி நானே லாரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன்.

பெரியவர் வேட்டியைப் பிழிந்தபடி வாசலுக்கு வந்தார். "கெளம்புடா செல்வராசு!"

அப்போதுதான் மாப்பிள்ளையின் நினைவு வந்தது. மனிதர் இன்னும் தொட்டிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். பாதம் சிவந்துபோயிருந்தது. தன் அப்பாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பிறகு மெதுவாக, "இப்ப கால எடுக்கலாமாங்க?" என்றார்.

கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். ஆனால் லாரி போய்விட்டது. அம்மா அன்று என்னோடு பேசவில்லை. நானும் மாட்டுக்கொட்டகையைக் கழுவிக்கொண்டே அழுது தீர்த்தேன்.

பெண் வீட்டில் விரட்டிய மாட்டை வீட்டுக்குள் ஏற்றப் பெரியவருக்கு மனம் வரவில்லை. ஊருக்கு வெளியே தோப்பில் தனியாகக் கட்டிவிட்டார். அந்த வாரமே அதன் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. தனியாக நின்றதால் அவர் வீட்டு மாடுகள் தப்பின, எங்களுடையவையும் தப்பின. (என் சாமர்த்தியம் என்று சொல்ல ஆசைதான், அந்த ஒரு சாண் இடைவெளி என்பதே நிஜம்.) செவலையும் மெல்லத் தேறிவிட்டது. அப்புறம் பெரியவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரும் சொல்லாமலே தொட்டிக்குள் இறங்கி நின்றுகொண்டு, "தேதியக் குறிப்பம்" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி, இப்போது மகனுக்கும் கல்யாணமாகிவிட்டது. இன்றும் இவர் வெளியில் யாரோடாவது தகராறு என்றாலும், என்னோடு சண்டை என்றாலும், வாசற்படியில் நின்று, "மரகதம், கால எடுக்கலாமா?" என்பார். வீடே சிரிக்கும். நான் "எடுங்க" என்று சொல்லும் வரைக்கும் நிஜமாகவே அங்கேயே நிற்பார்.