யோசித்துச் சொன்ன ‘வாங்க’

மின்வாரிய மீட்டர்க்காரர் முடிவெடுத்துவிட்டார். மச்சினனுக்கு இனி இந்த வீட்டில் இடமில்லை. போன தடவை இரண்டு நாள் என்று வந்தவன் ஒருவழியாகக் கிளம்பியபோது, சாய்வு நாற்காலியில் அவன் உருவத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் மீட்டர்க்காரர் உட்கார்ந்தால், நம்பினால் நம்புங்கள், கழுத்துக்கு மேல்தான் தெரியும்.

முடிவெடுப்பது சுலபம். மனைவியிடம் சொல்வதற்குத்தான் நெஞ்சில் மாஞ்சா வேண்டும். அந்த அம்மாள் வீட்டுக்கு மட்டுமல்ல, இவர் சீட்டாடும் பிரிட்ஜ் கிளப்புக்கும் நடுவர்.

அந்த வாரம் கிளப்பில் ஒரு தகராறு. எதிரணி மருந்துக்கடைக்காரர் ஏலம் கேட்கும் முறை வந்ததும் கூரையைப் பார்த்து யோசித்தார், யோசித்தார், சிலந்தி வலை பின்னி முடிக்கும்வரை யோசித்தார். பிறகு ஏலம் கேட்காமல் “பாஸ்” என்றார். அவருடைய கூட்டாளி பல் டாக்டர், ‘ஓகோ, கையில் சரக்கிருக்கிறது’ என்று புரிந்துகொண்டு துணிந்து ஏலத்தை ஏற்றினார். மீட்டர்க்காரர் நடுவரைக் கூப்பிட்டார்.

“யோசிச்சது ஒரு குத்தமா? செல்லும்,” என்றாள் மனைவி.

“எப்படிச் செல்லும்? வாயில வந்த வார்த்தைதான் கணக்கு. யோசனை, இருமல், பெருமூச்சு எதையும் எடுத்துக்கக் கூடாது.”

“சும்மா யோசிச்சேன் சார். அதுக்கு அர்த்தமே இல்ல,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“அர்த்தம் நீங்க சொல்லக் கூடாது. ஏலம் சொன்னவர் வாயை மூடிக்கணும், கூட்டாளிதான் விளக்கணும். எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம்னு ஜோடியா கார்டு எழுதி வெச்சிருக்கறது எதுக்கு, விசிறிக்கவா?”

மேல்முறையீடு போயிற்று. மூவர் குழு தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. “உங்க கட்சிதான் சரி,” என்று மனைவி கையெழுத்தே போட்டுக் கொடுத்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஜெயித்த முதல் வழக்கு. கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்.

ஆனாலும் மருந்துக்கடைக்காரரின் தந்திரம் மனசில் ஒட்டிக்கொண்டது. வாய் ஒன்று சொல்ல, மௌனம் வேறொன்று சொல்ல, என்ன அருமையான மோசடி!

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் போன் செய்தான். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அத்தான், ஒரு மாசம் அங்க வந்து தங்கலாம்னு இருக்கேன். வரட்டுமா?”

மீட்டர்க்காரர் யோசித்தார். அடுப்பில் பால் பொங்கி, இறங்கி, ஆறி, ஆடை கட்டியது.

“...வாங்க மச்சான்.”

“என்னக்கா, அத்தான் ரொம்ப இழுக்கிறாரே? நான் ஹோட்டல் பாத்துக்கறேன்.”

மீட்டர்க்காரர் மனசுக்குள் குதித்தார்.

“இழுத்ததை நீ எடுத்துக்கக் கூடாதுடா,” என்றாள் மனைவி. “வாயில வந்த வார்த்தைதான் கணக்கு. தீர்ப்பு ஹால்ல தொங்குது.”

“நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“சொன்னவர் வாயை மூடிக்கணும். கூட்டாளிதான் விளக்கணும். தம்பி, அத்தான் யோசிச்சு ‘வாங்க’ன்னா, குடும்பத்தோட வாங்கன்னு அர்த்தம்.”

போன் ஓய்ந்தது. மீட்டர்க்காரர் சாய்வு நாற்காலிப் பள்ளத்தில் இறங்கினார். அங்கிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

“ஏம்மா, கிளப்புக்கே சட்டம் சொல்லிக் குடுக்கறவ நீ. அன்னைக்கு அந்த ஆள் பண்ணது தப்புன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியுமே.”

“அப்புறம் ஏன் செல்லும்னு சொன்னே?”

“தம்பி அதுக்கு முந்தின நாளே டிக்கெட் எடுத்துட்டான்,” என்றாள் மனைவி, கண்ணாடிச் சட்டத்தில் தூசி தட்டியபடி. “நீங்க எப்படியும் இழுப்பீங்க. அதான் ‘வார்த்தைதான் கணக்கு’ன்னு உங்களையே ஜெயிக்க விட்டேன்.”