எட்டு மில்லி

கம்பம் பள்ளத்தாக்கில் முன்பின் தெரியாத சாவு வீடுகளுக்கெல்லாம் போய், பாட்டு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்த ஒரே மனிதர் எங்கள் ஜாஸ்காரர்தான்.

உத்தமபாளையத்தில் எனக்கு அடுத்த வீடு. ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்து ஓய்வு பெற்றவர். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஒருவர் பழைய புத்தகக் கடையில் அவரிடம் அகப்பட்டார். அந்த எழுத்தாளர் ஜாஸ் இசையைப் பற்றி எழுதியே வாழ்ந்தவர். ராகத்தை மட்டும் கேட்டால் போதாது, வாசிக்கிறவன் பட்ட பாட்டையும் கேள் என்பது அந்த எழுத்தாளரின் கட்சியாம். ஜாஸ்காரர் அவருடைய புத்தகத்தைத் தமிழாக்கினார். நான்கு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஐந்தாவது பதிலே போடவில்லை.

"இந்த ஊரில் ஜாஸுக்கு எங்கே போவீர்கள்?" என்று கேட்டேன்.

"சாவு வீட்டுக்குத்தான் சார். அங்கனதான் கெடக்கு."

பேண்டு செட்டுக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நிற்பார். மாலையும் கிடையாது, கண்ணீரும் கிடையாது. முடிந்ததும் டிரம்பெட் மாணிக்கத்திடம் போவார்.

"மொதப் பாட்டு ஆறு மில்லி. ரெண்டாவது ஏழு தேறும்."

ஏலக்காயில் எட்டு மில்லிமீட்டர் பருமன் இருந்தால்தான் முதல் தரம். அதை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

"எட்டு என்னைக்குத்தான் போடுவீக?" என்பான் மாணிக்கம்.

"நீ வாசி. நான் போடுறேன்."

அந்த எழுத்தாளரின் ஊர்ப்பக்கம் பிணத்தைக் கொண்டுபோகும்போது மெல்ல அழுது வாசிப்பார்களாம். அடக்கம் செய்து திரும்பும்போது துள்ளி வாசிப்பார்களாம். நமக்கோ போகும்போது வெடியும் குத்தாட்டமும். வரும்போது பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம் என்று ஜாஸ்காரர் மாணிக்கத்தின் மனதைக் கரைத்தார். ஒரு வியாபாரியின் சாவில், சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில், மாணிக்கம் துள்ளலாக எடுத்தான்.

மருமகன்கள் மூவரும் பாய்ந்தார்கள். "ஏலே, எங்க மாமா செத்தது ஒங்களுக்குக் கொண்டாட்டமா?"

டிரம்பெட்டில் இரண்டு இடத்தில் நசுங்கல். ஜாஸ்காரருக்குச் செருப்பு போயிற்று. அதன்பின் மாணிக்கத்தை எந்தச் சாவுக்கும் கூப்பிடவில்லை. செங்கல் சூளைக்குப் போனான். ஜாஸ்காரரோடு பேச்சை விட்டான்.

போன மழைக்காலத்தில் ஜாஸ்காரருக்கு நுரையீரல் கெட்டது. "சார், எனக்கு மாணிக்கந்தான் வாசிக்கணும். திரும்பி வரயில வாசிக்கச் சொல்லுங்க."

முழங்கால் வலியோடு சூளைக்குப் போனேன். மாணிக்கம் நிமிரவே இல்லை. "அவுகளால எம் பொழப்பு போச்சு வாத்தியாரய்யா. டிரம்பெட்டத் தொடுறதே இல்ல. போங்க."

"யோசிக்கிறானாம்" என்று ஜாஸ்காரரிடம் வந்து சொன்னேன்.

"ஆறு மில்லிப் பொய் சார்" என்று சிரித்தார். அதுதான் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு.

அவர் சாவுக்குப் பதினோரு பேர் போனோம். மேளம் வேண்டாம் என்று உறவினர்கள் முடிவு செய்திருந்தார்கள். இருமல் சத்தம்தான் துணைக்கு வந்தது. முல்லையாற்றங்கரையில் தீ வைத்துவிட்டுத் திரும்பினோம். சேறு வழுக்கியது, விழுந்தால் இடுப்பு என்னாகும் என்று கவலைப்பட்டுக்கொண்டே நடந்தேன்.

பின்னால் டிரம்பெட் எழுந்தது. நசுங்கிய குரல். முதலில் இரண்டு தடவை தடுக்கியது. பிறகு துள்ள ஆரம்பித்தது.

முன்னால் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. நான் திரும்பினேன். செங்கல் தூசி படிந்த சட்டையோடு, மாணிக்கம் புகையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான். மூச்சு தீரும்வரை வாசித்து டிரம்பெட்டை இறக்கினான். பிறகு பழக்கத்தில், தரம் கேட்கிறவனைப் போல, பக்கவாட்டில் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

சேற்றில் திரும்ப நடந்துபோய் அந்த இடத்தில் நின்றேன்.

"எட்டு மில்லி" என்றேன்.