லிஃப்ட் ரிப்பேர், ஐந்தாவது சீசன்

'இந்தக் கணக்கில் ஏற்கெனவே இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு முயலவும்' என்றது டிவி.

வேணுகோபால் ரிமோட்டை இன்னும் அழுத்தமாக அமுக்கினார். டிவி அதே மரியாதையோடு அதையே மறுபடி சொன்னது.

வாரநாட்களில் அவர் பாலாநகர் ஃபாக்டரி ஒன்றில் பர்சேஸ் ஆபீசர். சனி, ஞாயிறில் செகந்திராபாத் மாரெட்பள்ளி வீட்டு சோபாவில் அமர்ந்தால் விமர்சகர். சென்னைப் பத்திரிகை ஒன்றின் இணையதளத்துக்கு எழுதிவந்தார். 'லிஃப்ட் ரிப்பேர்' என்ற நகைச்சுவைத் தொடர் அவருடைய தனிச் சொத்து மாதிரி. ஓர் அடுக்குமாடிக் கட்டடம், ஆறு குடும்பங்கள், ஒருநாளும் ஒழுங்காக ஓடாத லிஃப்ட். பல வருடங்களுக்கு முன் முதல் சீசன் வந்தபோது அதை ஒருவரும் சீண்டவில்லை. 'தமிழ் நகைச்சுவைக்கு இன்றுதான் பொழுது விடிந்தது' என்று வேணுகோபால்தான் எழுதினார். அதற்குப் பிறகு வந்த சீசன்களை எல்லாம் முதல் சீசனோடு வைத்து அளந்து, எல்லாம் ஒரு முழம் குறைச்சல் என்று சொல்வது அவர் வேலையாகிவிட்டது.

இன்று ஐந்தாவது சீசனின் முதல் எபிசோட். ஆசிரியர் சீனிவாசன் காலையிலேயே போன் செய்து சொல்லிவிட்டார்.

"விமர்சனம் மத்தியானத்துக்குள்ள வந்துடணும் சார். லேட்டானா அனிருத்கிட்ட கொடுத்துடுவேன். அவன் வீடியோவாவே போட்டுடறான். ஜனங்க இப்போ அதைத்தான் பாக்கறாங்க. உங்க பகுதியைத் தொடரணுமான்னே மேலிடத்துல கேக்கறாங்க."

கணக்கு வேணுகோபாலுடையது அல்ல. மனைவி ஸ்ரீலேகாவின் தம்பி உமேஷ் ஆரம்பித்தது. மூன்று வீடுகள் அதில் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. உமேஷுக்குப் போன் போட்டார்.

"உமேஷ், யாராவது ஒருத்தர் கொஞ்ச நேரம் அணைச்சு வையுங்கப்பா."

"டென்ஷன் நக்கோ பாவா, கவலையே வேண்டாம்" என்று அக்கா கணவருக்குத் தைரியம் சொன்னான் உமேஷ், மல்காஜ்கிரியிலிருந்து. "அப்பா சீரியல் வெச்சுட்டுத் தூங்கியிருப்பார். நான் இங்கேருந்தே எல்லாரையும் வெளிய தள்ளிடறேன். நீங்க மட்டும் உள்ள போங்க."

அவன் சொன்னபடியே செய்தான். எல்லாரும் வெளியே தள்ளப்பட்டார்கள். வேணுகோபாலும். டிவி இப்போது பாஸ்வேர்டு கேட்டது. போட்டால், ஓடிபி கேட்டது.

"ஓடிபி எங்கப்பா வரும்?"

"அப்பா நம்பருக்கு, பாவா."

மாமனார் பாலச்சந்திரன் செகந்திராபாத்தில் ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர். சீரியல் பாதியில் நின்ற கோபத்தோடு போனை எடுத்தார்.

"மாமா, நான் வேணு பேசறேன். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க."

"கைக்கு? எதுக்கு அது?"

"டிவில போடணும் மாமா."

"பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான், யார் கேட்டாலும் நம்பர் சொல்லக்கூடாதுன்னு."

"மாமா, நான் உங்க மாப்பிள்ளை!"

"குரல் அப்படியே மாப்ளே மாதிரிதான் இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு. இப்போல்லாம் குரலையே செஞ்சுடறானுங்களாம். சரி, சொல்லு. என் பொண்ணுக்குப் பொறந்தநாள் எப்போ?"

வேணுகோபால் யோசித்தார். மழைக்காலம் என்பது வரை ஞாபகம் இருந்தது.

"ஆகஸ்டு... இல்ல, செப்டம்பர் மாமா."

"ஹவ், ஆமா, மாப்ளேதான்" என்றார் பாலச்சந்திரன் நிம்மதியாக. நம்பரைப் படிக்க ஆரம்பித்தார்.

அதற்குள் அந்த நம்பர் காலாவதியாகியிருந்தது. புதிதாக ஒன்று கேட்டு வாங்கினார்கள். மாமனார் கண்ணாடி இல்லாமல் ஆறை எட்டு என்று படித்தார். அடுத்ததை முன்பின்னாகப் படித்தார். 'பாதுகாப்பு கருதி இந்தச் சாதனம் தற்காலிகமாக முடக்கப்படுகிறது' என்றது டிவி.

வேணுகோபால் திரும்பினார். சமையலறை வாசலில் ஸ்ரீலேகா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஆகஸ்டா, செப்டம்பரா?" என்றாள்.

"இல்ல லேகா, அது வந்து..."

"ஜூலை" என்றாள் அவள். உள்ளே போய்விட்டாள். அதன்பின் சமையலறையில் பாத்திரங்கள் மட்டும் பேசின.

வேணுகோபால் உமேஷிடம் மன்றாடினார். அவன் ஸ்கூட்டரில் லேப்டாப்போடு வந்து சேர்ந்தான். வழியில், சீரியலின் மிச்சத்தைப் பார்த்தே தீருவேன் என்று நின்ற தகப்பனாரையும் ஏற்றி வந்திருந்தான்.

"இதுலேருந்துதான் எல்லாரையும் தள்ளினேன். இது மட்டும்தான் இன்னும் உயிரோட இருக்கு" என்று லேப்டாப்பை டீப்பாய்மேல் வைத்தான். "ஆனா பாவா, என் பேர்ல பாக்காதீங்க. அப்புறம் எனக்கு உங்க டேஸ்ட்ல படம் காட்ட ஆரம்பிச்சுடும். உங்களுக்குப் புதுசா ஒரு ப்ரொஃபைல் போட்டுடறேன்." 'பாவா' என்று பெயர் அடித்து, தொடரைத் தேடி, படத்தைத் தட்டினான். "ஆங், ஃபர்ஸ்ட் எபிசோட். பாருங்க."

சின்னத் திரை. அதைச் சுற்றி மூன்று ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்சநேரம் கழித்து, கோபம் தீராவிட்டாலும் ஆர்வம் தாங்காமல், ஸ்ரீலேகாவும் வெங்காயத் தட்டோடு வந்தாள்.

கட்டடத்துக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. லிஃப்டில் பீரோவோடு மாட்டிக்கொண்டது.

"மறுபடியும் லிஃப்ட்ல மாட்டறாங்களா?" என்றான் உமேஷ்.

"ட்ரெய்லர்லயே சொன்னாங்க, 'ஆரம்பத்துக்கே திரும்பறோம்'னு" என்றார் வேணுகோபால். "சரக்கு தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்."

"இந்தப் பொண்ணு நல்லா இளைச்சுட்டா" என்றார் பாலச்சந்திரன்.

"இப்போ அதுக்கு ஊசி இருக்குப்பா" என்றாள் ஸ்ரீலேகா.

வேணுகோபால் மடியில் இருந்த தாளில் 'வயதை மறைக்கும் ஒப்பனை, செயற்கை' என்று குறித்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பே வரவில்லை. சிரிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். லிஃப்டுக்குள் பீரோவின் உள்ளே ஒளிந்துகொண்ட அந்தக் குடும்பத்து மாமனார் கதவைத் திறந்து "எந்த மாடி?" என்று கேட்டபோது உமேஷ் கொட்டாவி விட்டான். வேணுகோபாலுக்கு உண்மையாகவே மனது கனத்தது. எத்தனை அருமையான தொடர், இப்படியா ஆகவேண்டும்? ஒருவேளை தனக்குத்தான் வயதாகிவிட்டதோ என்று ஒரு நொடி தோன்றியது. விமர்சகருக்கு அந்தச் சந்தேகம் ஆகாது என்று உடனே அதை ஒதுக்கினார்.

சாப்பாட்டுக்கு முன் எழுதி முடித்தார். 'முதல் சீசனில் ஒவ்வொரு வசனமும் நம் வீட்டு ஹாலில் பேசியது போலிருந்தது. இங்கே மேடையில் ஒப்பிக்கிறார்கள். அன்று லிஃப்ட் நின்றபோது நாம் மூச்சுமுட்டச் சிரித்தோம். இன்று பீரோவோடு நிற்பது லிஃப்ட் அல்ல, கற்பனை. முதல் சீசனை எழுதிய கைகளா இதை எழுதின? நம்ப முடியவில்லை.'

ஸ்ரீலேகா படித்துப் பார்த்தாள். "இவ்வளவு காட்டமா எழுதணுமா? பாவம், அவங்களும் உழைச்சுத்தானே எடுத்திருப்பாங்க?"

"உண்மையைச் சொல்றவன் கெட்டவனாத்தான் ஆகணும், லேகா" என்று அனுப்பும் பொத்தானை அமுக்கினார்.

அன்று சாயங்காலத்துக்குள் அது பற்றிக்கொண்டது. 'நானும் பார்த்தேன் சார், நீங்க சொன்னது நூற்றுக்கு நூறு' என்று ஒருவர். 'பாதியிலேயே அணைத்துவிட்டேன்' என்று ஒருவர். 'முதல் சீசனை நினைத்து அழுதேன்' என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். மறுநாள் அனிருத் வீடியோ போட்டான். சீனியர் சொல்வதில் நியாயம் இருந்தாலும் கடைசிப் பத்து நிமிடங்களில் புதிய சீசன் நிமிர்ந்து உட்காருகிறது என்பது அவன் கட்சி. அவனையும் ஏகப்பட்ட பேர் ஆமோதித்தார்கள், ஏகப்பட்ட பேர் திட்டினார்கள்.

"பிரமாதம் சார்!" என்றார் சீனிவாசன் போனில். "இனி உங்க பகுதியில கை வைக்க எவனுக்கும் தைரியம் வராது."

திங்கட்கிழமை ஃபாக்டரி கேன்டீனில் மேனேஜர் சந்தானமே தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். திருச்சிக்காரர், லேசில் யாரையும் பாராட்டாதவர்.

"வேணு, எழுதினதைப் படிச்சேன்யா. நேத்து நானும் வீட்ல போட்டுப் பாத்தேன். அந்தப் புது வில்லன் கொஞ்சம்கூட ஒட்டலை, இல்ல?"

வேணுகோபாலுக்கு வில்லன் யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. "ஆமா சார், ஒட்டவே இல்ல" என்றார்.

அப்போது போன் அடித்தது. தெரியாத சென்னை எண். எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

"வேணுகோபால் சாரா? வணக்கம் சார். நான் பூர்ணா, 'லிஃப்ட் ரிப்பேர்' டீம்ல விளம்பரம் பாக்கறேன். உங்க விமர்சனம் விஷயமா..."

எதிர்பார்த்ததுதான். வேணுகோபால் நிமிர்ந்து நின்றுகொண்டார். "இங்க பாரும்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா எழுதினதுல ஒரு வார்த்தையைக்கூட மாத்த மாட்டேன். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு முதல்ல சொன்னவனும் நான்தான்."

"ஐயோ, மாத்தவே வேண்டாம் சார். ரெண்டு நாளா நெட்ல எங்க பேச்சுதான். டைரக்டர் ரொம்பச் சந்தோஷமா இருக்கார். அனிருத் சார்கிட்டயும் இப்பதான் பேசினேன்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "ஒரு சின்னத் தகவல் மட்டும் சொல்லிடறேன் சார். சர்வர்ல ஏதோ கோளாறு, அதனால புது சீசனை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வெச்சுட்டோம். புதுசுல பீரோவே கிடையாது சார். நீங்க பாத்து எழுதியிருக்கிறது முதல் சீசனோட முதல் எபிசோட்."