தண்ணீர்மலை மாப்பிள்ளையின் முழங்கால்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டிக்காத்த இரகசியம், மலேசியாவில், ஜார்ஜ்டவுன் சந்து ஒன்றில் இருக்கும் காதர் பாயின் நாசி கண்டார் சோற்றுக் கடையிலிருந்துதான் உலகத்துக்குக் கசிந்தது என்றும், கசியவிட்ட வாய் என்னுடையது என்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க மனப்பூர்வமாக நம்பியிருக்கிறேன். (அன்று நரைத்த முடிகளை இன்றும் தனியாகப் பிரித்துக் காட்ட முடியும்.)

என் மகள் யாழினி அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தாள். அடிபட்ட விளையாட்டு வீரர்களைத் தேற்றி எழுப்பும் சிகிச்சைப் படிப்பு. பாதி நேரம் வகுப்பு, மீதி நேரம் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் சிகிச்சை அறையில் பயிற்சி. மகள் கட்டுப்போட்ட கால்கள் எப்படி ஓடுகின்றன என்று அப்பன் பார்க்க வேண்டாமா? அவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் ஆட்டம் நமக்கு ஞாயிறு காலை. பாய் கடை டிவியில் அது வரும். ரொட்டி சானாய் மாவை வீசி அடிக்கும் சத்தத்துக்கு நடுவே நான், பாய், பட்டர்வொர்த்திலிருந்து இதற்காகவே ஃபெர்ரி ஏறி வரும் செல்வம் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். செல்வம் பள்ளிக்கூட நாளில் கோல்கீப்பர். அந்த ஒரு தகுதியில் உலகத்திலுள்ள எல்லா ஆட்டக்காரர்களையும் திட்டுவான்.

முதல் வாரம் பாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னாண்ணே இது, பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறான், ரெஃப்ரி பாத்துக்கிட்டு நிக்கிறாரு?"

"அமெரிக்காவுல இதுதான் ஃபுட்பால், பாய்."

"அப்போ காலு எதுக்கு?"

"ஓடுறதுக்கு."

"அதுக்கு நாம பஸ்ஸுக்கு ஓடுறதும் ஃபுட்பால்தான் லா."

ஆனால் மூன்றாவது வாரத்துக்குள் மூவரும் நிபுணர்கள் ஆகிவிட்டோம். குவாட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான். பந்து அவன் கைக்குத்தான் முதலில் வரும். யாருக்கு எறிவது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி கவனிக்கிற மாமா மாதிரி. எல்லாம் நன்றாக நடந்தால் அவரை யாருக்கும் தெரியாது; ரசம் தீர்ந்துபோனால் எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள். எங்கள் அணியின் பந்தி மாமா பெயர் பிராண்டன். பொன்னிற முடி, ஆறடிக்கு மேல் உயரம்.

அந்தப் பிராண்டன் சீசன் நடுவில் திடீரென்று மந்தமாகிவிட்டான். பந்தை எறிய நேரமெடுத்தான், ஓட வேண்டிய இடத்தில் நின்றான். அரங்கமே ஊளையிட்டது. எங்கள் மேசையும் சும்மா இருக்கவில்லை.

"நடக்கிறானா பாரு, புதுச் செருப்பு கடிச்ச மாதிரி," என்பான் செல்வம்.

"காலேஜுல சாப்பாடு போடலையா? இங்க ரெண்டு நாள் மீன் தலைக் கறி சாப்பிட்டா ஓடுவான் லா," என்பார் பாய்.

நானும் என் பங்குக்கு, "சோம்பேறிப் பய," என்றேன். அதை அப்படியே யாழினியிடமும் வீடியோ காலில் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்களுமாப்பா? இங்க எல்லாரும் அவனை அசிங்கமா திட்டுறாங்க, போன்ல மெசேஜ் போடுறாங்க. அவனுக்கு முட்டிக்குள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ஊசி போட்டுக்கிட்டு ஆடுறான். நேத்து கட்டு மாத்தறப்ப அழுதுட்டான்."

"அடப் பாவமே. அதைச் சொல்லித் தொலைக்கலாமே?"

"சொல்லக் கூடாது. எதிர் டீமுக்குத் தெரிஞ்சா அதே முட்டியைக் குறிவெச்சு வந்து மோதுவாங்க. நான் உங்ககிட்ட சொன்னதே தப்பு. வெளிய போச்சுன்னா எங்க ரூம்ல இருக்கிறவங்களத்தான் கேப்பாங்க. என்னைப் படிப்பை விட்டே அனுப்பிடுவாங்கப்பா. பாய் கடையில உளறிடாதீங்க."

"நான் என்ன உளறுவாயா?" என்றேன். பின்னால் என் மனைவி சரசு இருமினாள். (அவளுக்குச் சளி கிடையாது.)

அடுத்த ஞாயிறு. அணி தோற்றது. பிராண்டன் கடைசி நேரத்தில் பந்தைத் தவறவிட்டு விழுந்தான், எழ நேரமெடுத்தான்.

"நடிக்கிறான், நடிக்கிறான்," என்றான் செல்வம்.

"இந்த மூஞ்சியைப் பாத்தா எனக்குப் பசியே போயிருது," என்று பாய் ரிமோட்டை எடுத்து ஏதோ சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றினார்.

"ஒரு பொம்பளப் புள்ள இவனை விட நல்லா ஆடும்," என்றான் செல்வம், விடாமல்.

எனக்குக் கட்டு மாற்றும்போது அழுத பையன் ஞாபகம் வந்தது. அவனுக்குக் கட்டுப் போட்ட கை என் மகளுடையது என்பதும் ஞாபகம் வந்தது. ஞாபகம் வர வேண்டிய மூன்றாவது விஷயம் மட்டும் வரவில்லை.

"டேய், பிராண்டனுக்கு knee torn ஆயிருக்குடா. Injection போட்டுக்கிட்டு every game ஆடுறான். Medical room secret-டா இது, my own daughter சொன்னா," என்று மேசையில் அடித்துக் கத்தினேன்.

அப்போதுதான் பக்கத்து மேசையைப் பார்த்தேன். வெள்ளைக்காரர் ஒருவர், தலையில் தொப்பி, ரொட்டி சானாயை முள்கரண்டியால் குத்தியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் மலேசியத் தமிழில் இரகசியம் பேச முடியாததற்கு இதுதான் காரணம். இரகசியம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும், மிச்சம்தான் தமிழ். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு போனை எடுத்து எதையோ வேகமாகத் தட்டினார்.

வீட்டுக்கு வந்து என் போனைத் திறந்தால் முதல் செய்தியே அதுதான்: பிராண்டனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது, இத்தனை வாரமாக மறைத்திருக்கிறார்கள்.

எனக்கு மட்டும்தான் அந்தச் செய்தியில் பாய் ஆற்றித் தரும் தே தாரேக் டீயின் வாசனை அடித்தது. யாழினிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். விசாரணை நடக்கிறது, போனைப் பிடுங்கிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். பெட்டியோடு அவள் விமான நிலையத்தில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பெட்டியின் சக்கரம் ஒன்று உடைந்திருப்பது வரை தெரிந்தது.

"சரசு, கிளம்பு. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போவோம்," என்றேன்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள். முப்பது வருட அனுபவம்.

உச்சி வெயில் ஏறும் நேரத்தில் மலைப்படி ஏறினோம். பாதியிலேயே என் முழங்கால் பிராண்டன் கட்சியில் சேர்ந்துவிட்டது. மேலே சன்னதியில் குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கினார்.

"பேரு?"

"யாழினி," என்றேன். நட்சத்திரத்தைச் சரசு சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொரு பேரு சாமி. பிராண்டன்."

குருக்கள் நிமிர்ந்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. அமெரிக்காவுல பொறந்தவரு. முழங்கால் சரியாகணும்."

அவர் யாழினி பெயரையும் பிராண்டன் பெயரையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. "மாப்பிள்ளையா? பரவால்ல, சாமி பேருக்கே சேர்த்துச் செஞ்சிடுறேன்," என்று உள்ளே போய்விட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது. கைகூப்பிக்கொண்டேன். பின்னாலிருந்து பழக்கப்பட்ட குரல் கேட்டது.

"சரசு, யாருடி பிராண்டன்?"

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்திருந்த சரசுவின் அக்கா வசந்தா, கையில் பால் செம்போடு நின்றிருந்தார். நாங்கள் பதில் யோசிப்பதற்குள் பால் செம்பு ஒரு கைக்கு மாறி, இன்னொரு கைக்குப் போன் வந்துவிட்டது. இரகசியம் கசியும் வேகம் எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். காதர் பாய் கடையெல்லாம் அதன் முன் ஒன்றுமே இல்லை.

அடிவாரத்துக்கு வந்தபோது யாழினி அழைத்தாள்.

"மன்னிச்சிரும்மா, தெரியாம பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்தேன்.

"இருங்கப்பா. முதல்ல இதைச் சொல்லுங்க. எனக்குக் கல்யாணமாமே? மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதோ குறையாம், பெரியம்மா அழறாங்க."

பாய் கடை, வெள்ளைக்காரர், அர்ச்சனை எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்க வாயில் துணியை வைத்திருந்தாளாம். ஆட்டம் முடிந்து கடைசிக் கட்டுப் போடும் வரை சிகிச்சை அறைக்காரர்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாதாம்; அவள் போன் அதுவரை பூட்டிய அலமாரியில் இருந்திருக்கிறது.

இப்போது யாழினி பட்டர்வொர்த்தில்தான் வேலை பார்க்கிறாள். செல்வம் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டான். பாய் கடையில் அந்தப் பெரிய டிவி இருந்த இடத்தில் மின்விசிறி சுற்றுகிறது. சில ஞாயிறு காலைகளில் நான் மட்டும் போய் உட்காருகிறேன். பாய் தே தாரேக்கை வைத்துவிட்டு, "நம்ம பிராண்டன் பய ஓடுறானாண்ணே?" என்று கேட்பார். ஒருவரும் யாரையும் திட்டாத மேசையில் தே தாரேக் சீக்கிரம் ஆறிவிடுகிறது.

யாழினிக்குக் கல்யாணம் ஆனது சுங்கைப் பட்டாணிப் பையன் கதிரவனோடு. வரவேற்பில் மேடையேறிய வசந்தா அக்கா திருநீறு பூசிவிட்டு அவன் முழங்காலை மெதுவாகத் தடவி, "இப்ப பரவால்லையா தம்பி?" என்று கேட்டார். இன்றும் எங்கள் வீட்டில் கதிரவன் சோபாவிலிருந்து எழுந்தால் நாலு பேர் கைகொடுக்க ஓடுகிறார்கள்.

அந்த வெள்ளைக்காரர் டென்மார்க்காரராம், பாய் பின்னால் விசாரித்துச் சொன்னார். அமெரிக்க ஃபுட்பாலை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. போனில் ஃபெர்ரி நேரம் பார்த்திருக்கிறார். பிராண்டன் விஷயத்தில் நடந்தது இவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும், அரங்கம் ஏசிக்கொண்டிருக்கும்போதே, அவன் மைக் முன்னால் நின்று கால்சட்டையைச் சுருட்டி, கட்டைக் காட்டி, எல்லாவற்றையும் தானே சொல்லியிருக்கிறான். எங்கள் தலைக்கு மேலிருந்த டிவியிலும் அது வந்திருக்கும். நாங்கள் அப்போது கத்தரிக்காய் வதக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.