கூட்டல் குறிக்குப் பதில் சிலுவை

காஜா பெராங், மலாக்கா
18.11.1957

அன்புள்ள அண்ணன் கருணாகரன் அவர்களுக்கு, தங்கை சந்திரமதி பணிவுடன் எழுதுவது. இங்கே நான், அப்பா, அச்சு மெஷின் மூவரும் சுகம். மூவரில் அதிகம் சத்தம் போடுவது யாரென்று தாங்கள் அறிவீர்கள். சிங்கப்பூரில் தங்கள் சுகம் அறிய ஆவல். மரியாதை இவ்வளவு போதும், இனி நீ.

அண்ணே, நம் அச்சகத்தின் மானம் போச்சு. தமிழ்ப்பள்ளி தேவதாஸ் வாத்தியாரின் கணக்குப் புத்தகத்தை அச்சடித்துத் தர அப்பா ஒப்புக்கொண்டார். எழுத்தும் எண்ணும் ஒரே அளவில் புதுசாக வாங்கணும்னு நீ சொல்ல, இருக்கிறதே போதும்னு அப்பா கத்த, நீ பெட்டியோடு பஸ் ஏறி இரண்டு வருஷமாச்சே, அந்த 'இருக்கிறதை' வைத்துத்தான் நானும் அப்பாவும் அச்சுக் கோத்தோம். தமிழ் எழுத்து பொடிசு. எண்களோ கல்யாணப் பத்திரிகைக்கான சுருள் எண்கள், வரிக்கு வரி மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. பின்னம் இன்னும் மோசம்: மேலே ஒன்று, கீழே இரண்டு, நடுவே கோடு, மெஷின் ஓடியதும் மூன்றும் ஆளுக்கொரு திசையில் போய்விடுகின்றன, நம் வீட்டு ஆட்கள் மாதிரி. கூட்டல் குறி மொத்தமே நாலு. மீதிக்கு அப்பா, போர்ச்சுகீசியர் வீட்டுச் சாவு அறிவிப்புக்கு வைத்திருந்த சிலுவைகளை எடுத்துச் சொருகிவிட்டார்.

புரூஃபைப் பார்த்த வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னாங்க சேதுபதி, மூணையும் நாலையும் கூட்டச் சொன்னா அடக்கம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"பிள்ளைங்களுக்குப் புரியும் வாத்தியாரே."

"அலாமாக்! பக்கம் பூரா இடுகாடா இருக்கு. ஜனவரியில பள்ளி திறக்குது!"

அப்பா யோசித்தார். "அப்ப கூட்டலை விட்டுடலாம். கழித்தல் மட்டும் போடுவோம்."

"அது நமக்கு நல்லா வரும்பா," என்றேன் நான். "ஒண்ணைக் கழிச்சிட்டு ரெண்டு வருஷமா மிச்சத்தை எண்ணிக்கிட்டுதானே இருக்கோம்."

"வாயாடி, வேலையப் பாரு," என்றார். குரலில் பழைய வேகம் இல்லை, அண்ணே.

எழுத்துக்கு மேலும் கீழும் காகிதத் துண்டு வைத்து நீ வரியை நேராக்குவாயே, அதை நான் செய்தால் வரி மலையேறி இறங்குகிறது. நீ வந்தால்தான் புத்தகம் பிழைக்கும். உடனே பஸ் ஏறு.

உனக்கு வேளைக்குச் சோறும், சட்டையில் மை படாத வேலையும் கிடைக்கப் பொய்யாத விநாயகரை வேண்டும்,
சந்திரமதி

பி.கு.: பொய்யாத பிள்ளையார் பெயரை எழுதிவிட்டு இப்படியே உறையை ஒட்ட மனம் வரவில்லை. மேலே சொன்னதெல்லாம் ஆகஸ்டில் மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வருவதற்கு முன்னால் நடந்த கூத்து. புத்தகம் போன வாரமே அச்சாகிவிட்டது. நீ கேட்ட அதே மாதிரி எழுத்து, எண், குறி எல்லாம் ஒரே அளவில் அப்பாவே மதராசிலிருந்து வரவழைத்துவிட்டார். வரி நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. ஆகவே வேலைக்கு நீ தேவையில்லை. சும்மா வா. அந்த எழுத்து வந்த பெட்டியைப் பிரித்ததும் அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக, "கருணா, இங்க வந்து பாருடா!" என்று கூப்பிட்டார். பிறகு அவர் தலை நிமிரவேயில்லை. நானும், "நான்தான்பா இருக்கேன்" என்று சொல்லவில்லை.